ஒரே கதவு எண், இரண்டு கார்டுகள்

எனக்கு மெமோ வந்திருக்கிறது.

பதினொரு வருஷ சர்வீஸில் முதல் மெமோ. பழுப்புக் காகிதம், ஊதா மை, அடியில் ஹெட் கிளார்க்கின் கையெழுத்து. "செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணி முதல் அனுமதியின்றி இருக்கையில் இல்லாததற்குக் காரணம் என்ன? மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்."

மெமோவைக் கொடுத்த கையோடு அதற்கான பதிலையும் சொல்லிக் கொடுத்தார் ஹெட் கிளார்க் வரதன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நல்ல மனுஷர். மாட்டிவிடுவதும் அவர்தான், தப்பிக்க வழி சொல்வதும் அவர்தான்.

"பெரிசா ஒண்ணும் எழுதிண்டிருக்காதீங்கோ. 'தவிர்க்க முடியாத காரணங்களால்'னு ஒரு வரி போடுங்கோ, போதும். ஃபைல்ல வெச்சுக் கட்டிடறேன். எல்லாரும் அப்படித்தானே எழுதறா?"

உண்மைதான். எங்கள் ஆஸ்பத்திரியில் தாமதமாக வருகிறவர், சீக்கிரம் போகிறவர், வராமலே இருந்துவிடுகிறவர் — எல்லோருக்கும் இந்த ஒரே வரிதான். யாரும் என்ன காரணம் என்று திருப்பிக் கேட்டதில்லை.

நானும் எழுத உட்கார்ந்தேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதியும் விட்டேன். ஆனால் கையெழுத்துப் போட வரவில்லை. காகிதம் இரண்டு நாளாக என் கைப்பையிலேயே கிடக்கிறது. அதனால் முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்... வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள்தானே?

'ஆஸ்பத்திரியில் உங்களுக்கு என்ன வேலை, நர்ஸா?' என்று கேட்டு அடிக்கடி கடிதம் போடுகிறீர்கள். நர்ஸ் இல்லை. நான் ஊசி போடுவதில்லை. நோய்க்கு நம்பர் போடுகிறேன்.

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனாலும் சரி, குணமாகாமல் போய்ச் சேர்ந்தாலும் சரி, அவருடைய கேஸ் ஷீட் என் மேஜைக்கு வந்துவிடும். டாக்டர் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் பார்ப்பேன். தலையணை தடிமனில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது. அதைப் புரட்டி அந்த நோய்க்கு உரிய எண்ணைக் கண்டுபிடிப்பேன். ஒரு கார்டில் எழுதி, மரப்பெட்டிக்குள் அந்த எண்ணுக்கு உரிய இடத்தில் செருகுவேன். உலகம் முழுக்க ஒரே எண்தான். ஆஸ்துமா காஞ்சிபுரத்தில் வந்தாலும் 493, லண்டனில் வந்தாலும் 493. மாதக் கடைசியில் எந்த எண்ணில் எத்தனை கார்டு என்று எண்ணி மதராஸுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத ஆபத்தே கிடையாது. இடி விழுந்தால் ஒரு நம்பர். ரயிலிலிருந்து விழுந்தால் ஒரு நம்பர். ஆகாய விமானத்தில் ஏறும்போது விபத்து நடந்தால் அதற்கும் ஒரு நம்பர்! எங்கள் ஊரில் அந்த நம்பர் இதுவரை யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் டாக்டர்கள் ஆசை ஆசையாக எழுதுகிற ஒன்றுக்கு மட்டும் அதில் சரியான இடம் இல்லை. 'அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்.' அதாவது மூச்சு விடும் வேலை திடீரென்று பழுதாகிவிட்டது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நோயா? குளத்தில் மூழ்கியவனுக்கும் மூச்சுதான் போகிறது. நிமோனியா குழந்தைக்கும் மூச்சுதான் போகிறது. பாம்பு கடித்தவனுக்கும் அதேதான். எதனால் போயிற்று என்பதல்லவா நோய்? அதைச் சொல்லாவிட்டால், 'அறிகுறிகள்' என்று கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் போடு என்கிறது புத்தகம். நாகரிகமாகச் சொன்னால் அறிகுறி. பச்சையாகச் சொன்னால், 'தெரியவில்லை.'

சாவு வீட்டில் நாம் கேட்பதில்லையா? "எப்படிங்க?" "திடீர்னு மூச்சு நின்னுடுச்சுங்க." உடனே தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். மூச்சு நிற்காமல் செத்தவர் யாராவது உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, அந்தக் கடைசிப் பக்கத்து எண்ணில் போடலாம்தானே? போட்டேன். கார்டுகள் சேர்ந்தன. 'அறிகுறி எண்கள் மிகுதியாக உள்ளன, கவனிக்கவும்' என்று மதராஸிலிருந்து கடிதம் வந்தது. வரதன் முகம் ஒரு வாரம் இஞ்சி கஷாயம் குடித்த மாதிரி இருந்தது.

அதனால் டாக்டர்களிடமே போய்க் கேட்டேன். "டாக்டர், மூச்சுத் திணறல்னு மட்டும் எழுதியிருக்கீங்க. எதனாலன்னு போடலையே?" ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் என்னையே பார்த்தார். இன்னொருவர், "மழைக்காலம்மா, வீசிங்தான். ஆஸ்துமான்னு போட்டுக்கங்க" என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறையும் அதையே. பிறகு நான் போய்க் கேட்பதை விட்டுவிட்டேன். எதற்கு அவர்களையும் தொந்தரவு செய்து, நானும் அவமானப்பட்டு...?

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் மூச்சுத் திணறல் எல்லாம் 493. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். மதராஸ் திருப்தியாக இருந்தது. வரதன் திருப்தியாக இருந்தார். நானும்தான்!

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஒரு வாரமாக விடாத மழை. பத்து மணி இருக்கும். பெண்கள் வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிற ஒருத்தி, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட என் ஜன்னலுக்கு வந்தாள். சரசா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். வயது முப்பதுக்குள். இரண்டு நாள் முன்னால் மூச்சுத் திணறி, நினைவு தப்பி, கட்டிலோடு தூக்கி வரப்பட்டவள். ஆக்ஸிஜன் வைத்ததும் தேறிவிட்டாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன், ரிஜிஸ்தரைத் திருப்பிக்கொண்டே.

"இப்ப நல்லாக்கீதுமா. இங்க வந்தா தலநோவு பூடுது. வூட்டுக்குப் போனாத்தான் மண்டைய இடிக்குது, வாந்தியா வருது."

"ம்."

"மழைல தறில பூட்டின பாவு நூலு பூரா ஈரம் கோத்துக்கினு கெடக்குது. அவரு காலைலயே கும்முட்டிய மூட்டி உள்ள வெச்சிருப்பாரு. கதவ சாத்திக்கினு காய வெச்சாத்தாம்மா தறி ஓடும். வெள்ளிக்கெழம முகூர்த்தத்துக்குப் பொடவ குடுக்கணும், இன்னும் முந்தியே போடல."

"சரிம்மா. இங்கே ஒரு கையெழுத்து."

இதுதான் நடந்தது. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். நான் ஒன்று விடாமல் கேட்டேன். என் காதில் எதுவுமே விழவில்லை. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டேன்.

பதினொரு மணிக்கு அவள் கேஸ் ஷீட் மேஜைக்கு வந்தது. ஒரே வரி. அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர், குணமடைந்தார். புதுக் கார்டு எடுத்தேன். பெயர், வயது, தெரு, கதவு எண் எல்லாம் எழுதினேன். 493 என்று போட்டேன். பெட்டியைத் திறந்து, அந்த எண்ணுக்குப் பின்னால் செருகப் போனேன்.

செருகுகிற இடத்தில் போன மாதக் கடைசியில் நான் வைத்த கார்டு நின்றுகொண்டிருந்தது. அதே தெரு. அதே கதவு எண்.

ஆண்கள் வார்டு. கன்னியப்பன் என்று ஒரு பெரியவர். வந்த அன்றே இறந்து போனார். அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர். அவரைப் பார்த்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பெண்கள் வார்டு டாக்டருக்கு அந்தப் பெரியவரைத் தெரியாது. அந்த இரண்டு பேரும் ஒரே வீடு என்று தெரியக்கூடிய ஒரே ஆள் இந்த ஆஸ்பத்திரியில் நான்தான். அந்தக் கார்டிலும் 493 என்றுதான் இருந்தது. என் கையெழுத்து. குண்டு குண்டாக, அழகாக.

வயதைப் பார்த்தால் மாமனாராகத்தான் இருக்க வேண்டும். மாமனாருக்கு வந்த ஆஸ்துமா மருமகளுக்கு எப்படி வரும்? ஆஸ்துமா என்ன, ரேஷன் கார்டா, அந்த வீட்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து எழுத?

ஆஸ்துமாவில் தலைவலி எதற்கு? வாந்தி எதற்கு? ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் ஏன் சரியாகிறது? அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

புத்தகத்தை இழுத்துப் புரட்டினேன். நோய்ப் பக்கங்களை விட்டுவிட்டு, நான் எப்போதும் கேலி செய்கிற ஆபத்துப் பக்கங்களுக்குப் போனேன். விமானம், ரயில், வாகனப் புகை... அதற்குக் கீழே ஒரு வரி. வீட்டில் எரிக்கும் கரி, விறகு ஆகியவை சரியாக எரியாததால் உண்டாகும் விஷவாயு. அதற்கு ஒரு நம்பர். எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்!

கும்முட்டி. கரி அடுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு. அவள் ஜன்னலில் நின்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் காதில் விழுந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. அவள் பத்து மணிக்குக் கிளம்பினாள். பத்தரை, பத்தே முக்காலுக்குள் வீடு போயிருப்பாள். கும்முட்டி காலையிலிருந்தே உள்ளே கனிந்துகொண்டிருக்கிறது.

பெண்கள் வார்டு டாக்டர் சுலோசனா பிரசவ அறையில் இருந்தார். வாசலில் நர்ஸ் மறித்தாள். "அரை மணி ஆகும்கா, உள்ளே போகக் கூடாது." நான் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"டாக்டர்! காலையில் அனுப்பினீங்களே, அந்த நெசவுக்காரப் பெண்... அவள் மாமனாரும் போன மாசம் இதே மாதிரி இங்கேதான் இறந்திருக்கார். சாத்தின ரூம்ல கரி அடுப்பு வைக்கிறாங்க. தலைவலி, வாந்தி. வீட்டுக்குப் போனா மட்டும்தான் வருதாம்!"

கையுறை போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி டாக்டர் கதவருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இப்ப அவ எங்க?"

"அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கா, டாக்டர்."

"ஓடுங்க. கதவைத் திறங்க, ஆளை வெளியே இழுத்துப் போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். நேரா இங்க கொண்டு வாங்க."

ஆஸ்பத்திரி வேன் செங்கல்பட்டு போயிருந்தது. எங்கள் வாசலில் எப்போதும் நிற்கிற ரிக்‌ஷாக்காரர் மஸ்தான் பாய் மட்டும் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையார்பாளையம். சீக்கிரம் பாய்!"

"இன்னாமா, இந்த மழைலயா? ரோட்டாண்ட முழங்கால் தண்ணி."

"ஒரு உயிர் பாய்."

பீடி தண்ணீரில் விழுந்தது. வேறெதுவும் கேட்கவில்லை அவர்.

வாசகர்களே, நான் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து செய்த ஒரே வேலை கணக்குப் போட்டதுதான். இப்போது பதினொன்றரை. அவள் உள்ளே போய் முக்கால் மணி. இல்லை, வழியில் மழைக்கு ஒதுங்கியிருப்பாள், அரை மணி. இல்லை, கணவன் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பான். இல்லை, திறக்க மாட்டான், வெள்ளிக்கிழமை புடவை கொடுக்க வேண்டும்... கோயிலைத் தாண்டியதும் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்துவிட்டது. மஸ்தான் பாய் இறங்கி இழுத்தார். நானும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை.

அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு ஆகியிருக்கும். மழைச் சத்தத்தோடு சத்தமாக வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம். கதவு எண்ணைத் தேடிக்கொண்டே ஓடினேன். அவள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றேன். அந்த வீட்டுத் தறி மட்டும் ஓடவில்லை.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இரண்டு கையாலும் குத்தினேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாருமா நீ? கதவத் தட்டாத, உள்ள பாவு காயுது. ஈரக்காத்து பட்டா வேல கெட்டுப்பூடும்."

"உள்ளே யார் இருக்காங்க?"

"சரசா மட்டுந்தான். இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா, வந்த கையோட தறில குந்திக்கினா. ஏகாம்பரம் மொதலாளியாண்ட ரெண்டு நாள் தவணை கேக்கப் போயிருக்குது."

"பாய், உடைங்க!"

"அய்யய்யோ, இன்னாமா இது அக்கிரமம்?" என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். மஸ்தான் பாய் தோளைக் கொடுத்து இடித்தார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரம் தாழ்ப்பாள் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

நான் புகையை எதிர்பார்த்தேன். புகையே இல்லை. நாற்றமும் இல்லை. ஈரத்தில் நடுங்கிக்கொண்டு வந்த எனக்கு அந்த அறை கதகதப்பாக, இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. தறிக்குப் பக்கத்தில் கும்முட்டியில் கரி சாம்பல் பூத்துச் சிவந்து கிடந்தது. அரக்குப் பட்டு தறியின் நீளத்துக்கும் பளபளத்தது. சரசா தறிக் குழியில் கால் தொங்க உட்கார்ந்த வாக்கில், நெய்த துணியின் மேலேயே கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமாகத் தூங்குகிறவள் மாதிரி.

குழிக்குள் இருக்கிற ஆளை வெளியே தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மஸ்தான் பாய் கையைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிக்க, இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் கொட்டுகிற மழையில் கிடத்தினோம்.

மூச்சு இருக்கிறதா? குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை! இத்தனை வருஷமாக மூச்சுத் திணறலுக்கு நம்பர் போடுகிறேன். ஒரு மனுஷிக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. நடுத்தெருவில் மண்டியிட்டு உட்கார்ந்து, "சரசா, சரசா" என்று கூப்பிட்டு அழுதேன்.

மஸ்தான் பாய் என்னை ஒதுக்கிவிட்டுப் புறங்கையை அவள் மூக்கருகே வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"இருக்குதுமா. லேசா இருக்குது. ஜல்தி, ஜல்தி, வண்டில ஏத்து!"

மடியில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அவள் முகத்தில் மழை படும்படி பிடித்துக்கொண்டு வந்தேன். டாக்டர் சுலோசனா ஆக்ஸிஜன் சிலிண்டரை வராந்தாவுக்கே உருட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

மூன்று மணிக்கு மேல்தான் சரசா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். தன்னைச் சுற்றிப் பார்த்தாள். முதலில் பேசியது இதுதான்:

"கதவ யாருமா தொறந்து வுட்டது? பாவு நனஞ்சிருக்குமே!"

டாக்டர் சிரித்துவிட்டார். நான் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இப்போது உங்களிடம் ஜம்பமாகப் பேசிக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

அவள் கணவன் ஏகாம்பரம் ஓடி வந்திருந்தார். நனைந்த வேட்டியோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். கரி புகையாமல் கனிந்தாலும் அதிலிருந்து ஒரு விஷக்காற்று வருகிறது, கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, சாத்திய அறையில் அதுதான் ஆளைச் சாய்க்கிறது என்று.

"பொக வரக்கூடாதுன்னுதானேமா நாங்க தெருவுல வெச்சு நல்லா கனிய வுட்டு, அப்புறமா உள்ள எடுத்தாறோம்?" என்றார் அவர். "பொக பட்டா பட்டு கருத்துப்பூடும். பட்டுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் செய்வோம்."

பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகை இருந்திருந்தால் இருமி எழுந்து ஓடியிருப்பார்கள். பட்டு கறுக்கக் கூடாது என்று புகையைப் போக்கினார்கள். பாவு ஈரம் வாங்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டும் சேர்ந்துதான் ஆளை அடித்தது.

"உங்க அப்பா எங்கே படுத்துப்பார்?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"தறியாண்டதான். குளிருக்கு எதமா இருக்குதுன்னு கும்முட்டிக்குப் பக்கத்துல..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ எங்கப்பாவுக்கு இழுப்பு இல்லியா? இங்க கார்டப் பாத்து இழுப்புன்னுதானே சொன்னாங்க?"

"டாக்டர் மூச்சுத் திணறல்னுதான் எழுதியிருந்தார். ஆஸ்துமா, அதான் இழுப்புன்னு கார்டுல எழுதினது நான். யாரையும் கேக்காம, நானா எழுதிட்டேன்."

அவர், "அன்னிக்கே எதனாலன்னு கேட்டிருந்தா, சரசாவுக்கு இப்பிடி ஆயிருக்காது, இல்ல?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆயிருக்காது" என்றேன்.

"எம்மேலயும் தப்புதாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "நான்தான் தெனமும் அப்பாவாண்ட கும்முட்டிய நவுத்தி வெப்பேன். குளிருதுடா, குளிருதுடாம்பாரு." கட்டில் காலில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் சுலோசனா என் ஜன்னலுக்கு வந்தார். டாக்டர்கள் என் ஜன்னலுக்கு வருவதில்லை, நான்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். இரண்டு கேஸ் ஷீட்டையும் கேட்டு வாங்கினார். சரசாவுடையதில் தான் எழுதிய வரிக்குக் கீழே 'எதனால்' என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்னியப்பனுடையதை வெகு நேரம் படித்தார். மாற்றலாகிப் போன டாக்டருக்கு எழுதிக் கேட்டு, பெரிய டாக்டரிடம் சொல்லித் திருத்துவதாகச் சொன்னார்.

"நான் பாதி எழுதிட்டு விட்டேன்," என்றார். "மீதியை நீங்க இட்டுக்கட்டி நிரப்பிட்டீங்க. நல்ல ஜோடி நாம ரெண்டு பேரும்."

இனிமேல் எந்த வார்டிலிருந்து 'மூச்சுத் திணறல்' என்று மொட்டையாக ஒரு வரி வந்தாலும், நான் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டர் முன்னால் போய் நின்றுவிடுவேன். கடிகாரத்தைப் பார்க்கட்டும். என்னைப் பார்க்கட்டும். பதில் வராமல் நகர மாட்டேன். மதராஸிலிருந்து எத்தனை கடிதம் வந்தாலும் சரி, தெரியாததைத் தெரியவில்லை என்றே போடுவேன்.

அன்றைக்குத் திருப்பருத்திக்குன்றத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. பட்டினிதான். அது ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லை. பேசாமல் போய்ச் சமையலறைக் கரி அடுப்பைத் தூக்கிக் கொல்லைப்புறத்துக் கூரையடியில் வைத்தேன். வீட்டிலுள்ளவர்கள் எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் மஸ்தான் பாய் ஜன்னலருகே வந்து சொன்னார்: "அந்தத் தெருவுல சவாரி போனேன்மா. எல்லா வூட்டுக் கும்முட்டியும் வாசப்படிக்கு வந்துடுச்சு. கதவெல்லாம் தொறந்து கெடக்குது. அந்தப் பக்கத்து வூட்டம்மா மட்டும் உன்னத் திட்டிக்கினேதான் கீது." திட்டட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

சரசா தேறி வருகிறாள். வெள்ளிக்கிழமைக்குப் புடவை ஆகவில்லை. கல்யாணப் பெண் வேறு புடவை கட்டிக்கொண்டு நன்றாகவே கல்யாணம் செய்துகொண்டாளாம். இதற்கா அந்தக் கதவைச் சாத்தினார்கள்!

இனி மெமோ. அவகாசம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வரதன் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார். "டாக்டரம்மா சொல்லித்தானே போனேன், சார்?" என்றேன். "வாயால சொன்னதுக்கெல்லாம் ஃபைல் கிடையாதும்மா. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துட்டுப் போங்கோளேன்" என்கிறார்.

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டேன். நான் எழுதி வைத்திருந்த வரியைப் படித்தேன். மொட்டையாக, யாரும் எதுவும் கேட்க முடியாதபடி, என்ன அழகான வரி! கன்னியப்பன் கார்டில் இருந்த 493 மாதிரியே குண்டு குண்டாக...

அதை அடித்துவிட்டு இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்:

'தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால்.'